இரண்டு புளியமரங்களும் என் பன்னிரண்டாவது கதையும்

சிறுகதை எழுதுவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். எழுபதுகளின் பிற்பகுதியில், நாற்பத்து மூன்று வயதில், ஜவ்வாது மலைமேல் ஒரு சிறிய அஞ்சலகத்தின் பொறுப்பில் இருந்தேன். அப்போது ஒரு வாரப் பத்திரிகை, நல்ல கதைக்கான விதிகளை வாரத்துக்கு ஒன்றாக வெளியிட்டது. ஒன்பது விதிகள். ஒன்பதையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். எழுதும்போது எதையும் மீறியதில்லை. கதைகள்தான் ஏனோ திரும்பி வந்துகொண்டிருந்தன.

திரும்பி வருவதில் மற்ற எழுத்தாளர்களுக்குக் கிடைக்காத வசதிகள் எனக்கு இருந்தன. திருப்பி அனுப்புவதற்கான தபால்தலையை நானே எனக்கு விற்றுக்கொள்வேன். கதை உள்ள உறைமேல் நானே முத்திரை குத்தி, பையில் போட்டு, வாயைக் கட்டி அரக்கு வைப்பேன். ஆறேழு வாரம் கழித்து, போளூரிலிருந்து பதினொன்று நாற்பதுக்கு வரும் பேருந்தில் அது திரும்பி வரும். வந்து சேர்ந்த தேதியை அதன் முதுகில் அழுத்தமாகக் குத்துவதும் நான்தான். அரசாங்க முத்திரையோடு நிராகரிக்கப்படும் கௌரவம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பையைப் பிரிக்கும்போது தபால்காரர் அருகில் நிற்பார்.

"சார், உங்க கதை வூட்டுக்கு வந்துட்ச்சி."

"தெரியுது."

"இந்த வாட்டி கொஞ்சம் இளைச்சாப்ல கீது. ஒரு தாள அவங்களே வச்சிக்கினாங்களோ?"

நிறுத்துப் பார்த்தேன். எடை குறையவில்லை. ஒரு தாளைக்கூட அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. அன்றைய டைரியில் 'கதை எண் 11, திரும்பியது, சேதமில்லை' என்று எழுதினேன்.

மலையில் அஞ்சலகப் பொறுப்பாளருக்கு எழுதப்படாத வேலை ஒன்று உண்டு. எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரும் எழுதிக் கொடுப்பார். ஆனால் எந்த விஷயமானாலும் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார். கற்பனை வளம் இல்லாத மனிதர் என்று அவரைப் பற்றி டைரியில் இரண்டு இடங்களில் குறித்திருக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சந்தைக்கு வந்த ஒரு பெண்மணி ஜன்னல் முன்னால் நின்றார். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கையில் உரமூட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றிய பட்டா.

"சார், எங்க கொல்லையில ரெண்டு புளியமரம் கீது. மாமனார் காலத்து மரம். போன வாரம் ஃபாரஸ்ட் கார்டுங்க வந்து ரெண்டுத்து மேலயும் தார்ல நம்பர் போட்டுட்டுப் போய்ட்டாங்க. காட்டு மரமாம்."

"நம்பர் போட்டா?"

"ஏலத்துல வுட்ருவாங்க. கீழ்நாட்டுலேர்ந்து ஆளு வந்து புளிய ஒலுக்கிக்கினு போய்டுவான். சாமை நாலு மாசத்துக்கு வரும். மீதி மாசத்துக்கு அந்தப் புளிதான் சார்."

ஏலம், மூன்று வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை. அதற்குள் அந்த இரண்டு மரங்களையும் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி, மலைக்குக் கீழே இருந்த ரேஞ்சருக்கு மனு எழுத வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவ்வளவுதான் விஷயம் என்பதே எனக்குக் குறையாகப் பட்டது.

பட்டாவை அவர் பிரித்து நீட்டினார். நான் மேலோட்டமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். எண்களும் விவரங்களும் கதையைக் கொன்றுவிடும் என்பது நான்காவது விதி.

அன்று மதியம் இரண்டு பத்திலிருந்து நான்கு நாற்பத்தைந்து வரை எழுதினேன். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுவதும் விடியல். மூடுபனி மலையிலிருந்து எப்படி இறங்கியது என்பது மட்டும் பதினேழு வரி. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லிவிடாதே என்பது இரண்டாவது விதி. ஆகவே மரம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு தாய்க்கு இரண்டு மகள்கள், தாயின் பசியை அவர்களே ஆற்றுகிறார்கள், ஒரு நாள் அந்நியர்கள் வந்து அவர்கள் உடம்பில் கறுப்பாகக் குறியிட்டுப் போகிறார்கள் என்று வளர்த்துக்கொண்டே போனேன். முடிவு வாசகனைத் தூக்கிவாரிப் போட வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. நான்காம் பக்கத்தின் கடைசி வரியில்தான் அந்த மகள்கள் இருவரும் புளியமரங்கள் என்று தெரியவரும். எழுதி முடித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

சந்தை முடிந்து வந்தவருக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். மூன்றாம் பக்கத்தில் அவர் கண் கலங்கியதை நான் கவனிக்கத் தவறவில்லை.

"ஐயோ பாவம், யாரு சார் அந்தம்மா?"

"நீதாம்மா."

"எனக்குப் பொண்ணே இல்லியே சார். மூணும் பசங்களாச்சே."

"பொறும்மா. கடைசியில புரியும்."

கடைசி வரியைப் படித்தேன். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"நல்லாத்தான் கீது. அவரு அதுவரிக்கும் படிப்பாரா சார்?"

"படிச்சு முடிக்காம எப்படிக் கீழே வைக்க முடியும்?" என்றேன்.

அவர் கைநாட்டு வைத்தார். மனு திங்கட்கிழமைப் பையில் கீழே இறங்கியது. பெயரை அவருடையதாகப் போட்டிருந்தாலும், டைரியில் அதைக் 'கதை எண் 12' என்றுதான் குறித்துக்கொண்டேன்.

ஏலத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமைப் பையில் அவர் பெயருக்கு ரேஞ்சர் அலுவலகத்து உறை வந்தது. கனமாக இருந்தது. கனமான உறைக்கு என்ன பொருள் என்று இந்த மலையிலேயே அதிகம் அறிந்தவன் நான். ஆனாலும் அரசாங்கம் பாராட்டுக் கடிதத்தை நீளமாக எழுதக்கூடும் என்று ஓர் இரவு முழுக்க நம்பினேன். அடுத்தவர் உறையைப் பிரிப்பதில்லை என்பது என் பழக்கம்.

மறுநாள் சந்தைக்கு வந்தவர் ஜன்னலில் நின்றபடியே அதைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே என் நான்கு பக்கங்கள். மேலே குண்டூசியில் ஒரு துண்டுத் தாள்: 'மனுதாரரின் மகள்கள் இருவர் குறித்த புகார் இவ்வலுவலகத்தின் வரம்புக்குள் வராது. காவல் நிலையத்தை அணுகவும்.'

முதல் பக்கத்து மூடுபனியின் அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது. இரண்டாம் பக்கத்தில் 'மகள்கள்' என்பதைச் சுழித்திருந்தார்கள். மூன்றும் நான்கும் நான் மடித்து அனுப்பிய மடிப்பு கலையாமல் சுத்தமாக இருந்தன.

"இன்னா சார் எழுதிக்கீறாங்க?" என்றார்.

நான் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பயந்தேன். சிரித்திருந்தால் தேவலை.

"அப்ப என் மரம் இன்னும் பட்டியல்லதான் கீதா?"

"ஆமாம்மா."

"செவ்வாக்கெழம ஏலம் சார்."

பக்கத்தில் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த தபால்காரர் தலையைத் தூக்காமல், "இதுவும் சேதமில்லாமத்தான் வந்துக்கீது" என்றார்.

ஞாயிறு தபால் கிடையாது. திங்கள் பையில் போட்டால் ஏலம் முடிந்த பிறகுதான் போய்ச் சேரும். திங்கட்கிழமை முதல் பேருந்தில் அவரே கொண்டுபோவதைத் தவிர வேறு வழியில்லை. புதிய தாள் எடுத்தேன். அவர் பட்டாவை என் மேசைமேல் விரித்து வைத்தார். இந்த முறை அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. இது என் கொல்ல. பட்டா நம்பர் இது. அதுல ரெண்டு புளியமரம். உங்க ஆளுங்க போட்ட நம்பர் பதினாலு, பதினஞ்சு. எல்லைக் கல்லு முள்ளுப் பொதருக்குள்ள மறைஞ்சி கீது, அதான் அவங்களுக்குத் தெரியல. வந்தா நான் காட்றேன். ஏலத்துல வுடாதீங்க."

ஒன்பது வரி வந்தது. கதை எதில் ஆரம்பிக்க வேண்டுமோ அதில் ஆரம்பித்து, முடிந்த இடத்தில் முடிந்துவிட்டது. முள்ளுப் புதருக்குள் மறைந்த கல் மாதிரி ஒரு வரி என் பதினோரு கதைகளில் ஒன்றிலும் இல்லை. விடியலைச் சேர்க்க இடம் தேடினேன், கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பத்தே காலுக்கு அவர் வந்தார்.

"என்ன ஆச்சும்மா?"

"ஒன்னு வந்துட்ச்சி. ஒன்னு போய்ட்ச்சி."

ரேஞ்சர் நின்றபடியே மனுவைப் படித்து, அலுவலக வரைபடத்தை விரித்துப் பார்த்திருக்கிறார். பதினான்காம் மரம் பட்டா நிலத்துக்கு நடுவில் இருப்பது அதிலேயே தெரிந்தது, உடனே பட்டியலில் அதை அடித்துவிட்டார். பதினைந்தாவது எல்லையை ஒட்டியது. ஆளனுப்பி அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். மறுநாள் காலையில் ஏலம்.

"'பதினஞ்சு நாளு முன்னாடி இந்தக் காய்தத்தக் குடுத்திருந்தா அளக்கச் சொல்லியிருப்பனே'ன்னாரு. 'அப்பவே குடுத்தேன் சாமி'ன்னேன். 'அது பொண்ணுங்க காய்தமாச்சே'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னா சொல்றது? எழுதினவரு நல்ல மனுசன்தான், கொஞ்சம் நீளமா எழுதுவாருன்னேன்."

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் முழுதாகப் படித்தவர் எழுதியது, அல்லது கேட்டவர் சொன்னது, இது ஒன்றுதான்.

பதினைந்தாம் மரத்தை ஏலம் எடுத்த கீழ்நாட்டுக்காரரின் ஆட்கள் மாசியில் மலையேறினார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் தபால் கார்டு வாங்க வந்தபோது, எடுத்த மரங்களிலேயே அதில்தான் சுளை பருமன் என்றார். என் எழுத்தால் பயனடைந்த ஒரே மனிதர் அந்த ஏலதாரர். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றி சொல்லி எழுதியிருப்பார். அந்த வருஷம் ஆடியில் அந்த அம்மாளின் இரண்டாவது மகன் கல் உடைக்கும் வேலைக்குக் கீழே இறங்கிப் போனான். போகும் முன் அஞ்சலகத்துக்கு வந்து, அம்மாவுக்குக் கடிதம் வந்தால் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

கடிதம் வந்தபோது படித்துச் சொன்னேன். நான்கு வரி. அதைக் கேட்டுவிட்டு அவர் பட்டாவை மறுபடி மேசைமேல் விரித்தார். அடுத்த ஏலத்துக்குள் நிலத்தை அளந்து கல் நடச் சொல்லி, இப்போதே ஒரு மனு போட வேண்டுமாம். வாத்தியாரிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது வரியில், 'முள்ளுப் புதர்' என்பதற்கு முன்னால் ஒரு நல்ல அடைமொழி தோன்றியது. பேனாவைத் தூக்கினேன்.

"இன்னா சார், யோசிக்கிறீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"யோசிக்காதீங்க சார். எனக்கு இன்னும் ஒரு மரம்தான் கீது."