தூத்துக்குடியிலிருந்து பிரேசிலுக்குப் போகும் வழி

கப்பல் சீட்டு விற்கிறவனிடம் ஜனங்கள் கப்பலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்பார்கள். கொழும்பில் அரிசி என்ன விலை, அங்கே இருக்கிற மாப்பிள்ளை குடிப்பாரா, நடுக்கடலில் வாந்தி வந்தால் யார் துடைப்பது, இப்படி. ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்தவர்கள் உங்களில் இருந்தால் என் கஷ்டம் தெரியும். பதில் சொன்னால் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் முதலாளியிடம் போவார்கள்.

நான் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு சீட்டுக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிகம் பேச வராது. எங்கள் கடையில் விற்றதெல்லாம் கொழும்புச் சீட்டு, எப்போதாவது ரங்கூன், பினாங்கு. தென் அமெரிக்காவில் இருக்கிற பிரேசில் தேசத்துக்கு ஒரே ஒரு ஆளை அனுப்பினேன். இரண்டாவது உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு சீட்டுக்குப் பட்ட பாட்டை எழுதுகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு விவரம் கிடைக்கும். போகாதவர்களும் படிக்கலாம், ஆபீசுகளும் ஆபீசர்களும் எல்லாருக்கும் பொதுதானே.

எந்த அக்கரை

எங்கள் ஊரில் அக்கரை என்றால் கொழும்பு. வேறு அர்த்தம் கிடையாது. "அக்கரைக்கு ஒரு சீட்டு வேணும் அண்ணாச்சி" என்று சந்தமரியாள் என்கிற அம்மாள் வந்து நின்றதும் கொழும்புச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். "அது இல்ல. அந்த அக்கரைக்கும் அக்கரை. சந்தோசு" என்றாள். திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையே சொன்னாள்.

மெல்ல விசாரித்ததில் சங்கதி தெரிந்தது. அவள் புருஷர் மிக்கேல் பர்னாந்து சரக்குக் கப்பலில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். சண்டையில் அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது, ஆள் இல்லை என்று தந்தி வந்தது. கோயிலில் மரித்தோர் பூசையும் வைத்தாயிற்று. இப்போது அவள் தெருவிலேயே ஒரு கப்பல்காரர் பிரேசில் போய்த் திரும்பியிருக்கிறார். அங்கே சாந்தோஸ் என்ற துறைமுகத்தில் மிக்கேலை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார். ஒரு கால் போய்விட்டது. கயிறு முறுக்குகிற கொட்டகையில் உட்கார்ந்த வேலை. ஊருக்கு வந்தால் ஒற்றைக்காலனை எந்தத் தோணியில் வேலைக்கு ஏற்றுவார்கள், நீ இங்கே வந்துவிடு என்று பெண்சாதிக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். அவளும் காதிலும் கழுத்திலும் கிடந்ததை விற்றுவிட்டு வந்து நிற்கிறாள். எழுந்து உள்ளே போய் முதலாளியிடம் விவரம் சொல்லி, அந்த அம்மாள் சாந்தோஸ் போக வேண்டுமாம் என்றேன். அவர் பேரேட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சந்தோஷத்துக்கெல்லாம் நாம சீட்டு விக்கதில்லன்னு சொல்லிரும்வே."

டர்பனில் இறங்கக் கூடாது

இனி வழி. கப்பல் நிற்கிற ஊரில் பிறந்த நாம் பிரேசிலுக்குப் போக முதலில் ரயில் ஏற வேண்டும். இதுவே எனக்குப் பொறுக்கவில்லை. சென்னைப் பட்டணம் வழியாகப் பம்பாய் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காக் கரைக்குப் போகிற கப்பலைப் பிடிக்க வேண்டும். போர்த்துக்கீசியருக்குச் சொந்தமான லோரன்சோ மார்க்கீஸ் என்ற துறையில் இறங்கி, சாந்தோஸ் போகிற வேறு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். அது டர்பனைத் தொட்டுக்கொண்டு போகும். டர்பனில் நம் நிறத்தாரை இறங்க விடமாட்டார்கள். கப்பல் எத்தனை நாள் நின்றாலும் உள்ளேயேதான் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விவரத்தைச் சொன்னவர் சென்னையிலிருந்து வந்த கப்பல் கம்பெனி ஆள். சிரித்துக்கொண்டே சொன்னார். கரும்பு வெட்டுவதற்கு நம் ஜனங்களைக் கப்பல் கப்பலாக அங்கே இறக்கினார்களே, அப்போது நிறம் கண்ணில் படவில்லையா என்று கேட்க நினைத்தேன். சந்தமரியாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கம்பெனி ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள். "எறங்க விடாத ஊர்ல கப்பல் எதுக்கு அண்ணாச்சி நிக்குது?"

மஞ்சள் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும்

அம்மை குத்திக்கொண்ட சீட்டு கட்டாயம் வேண்டும். அதை நம்மூர் ஆஸ்பத்திரியிலேயே வாங்கலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று இன்னொன்று உண்டு. அது வேறு நோய், கொசுவால் வருவது, நம் தேசத்தில் கிடையாது. இதைத் தாளில் எழுதிக் கொடுத்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கம்பவுண்டர் தாளைப் படித்துப் பார்த்தார். அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் காமாலை இல்லை, இருந்தாலும் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடி என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுதிக் கொடுத்தது காய்ச்சல் என்று. அவர் படித்தது காமாலை என்று. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகூட இப்படித் தப்பு பண்ணாது.

எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரிக்கே போய் நின்றேன். அந்த மருந்து இங்கே இல்லை, பம்பாயில்தான் போட முடியும் என்று டாக்டர் சொன்னார். திரும்பி வந்து சந்தமரியாளுக்கு விளக்கிச் சொன்னேன். போகும்போது அந்த ஊசியை யாரும் கேட்கமாட்டார்கள். பிரேசிலிலிருந்து நம் தேசத்துக்குத் திரும்புகிறவர்களிடம் கண்டிப்பாகக் கேட்பார்கள். இல்லாதவர்களைத் தனியே கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். ஆகையால் பம்பாயில் மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "திரும்பி வாரதுக்குத்தான அந்த ஊசி? அப்ப எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

பேர் வெள்ளைக்காரப் பேர்

பாஸ்போர்ட்டு கேட்டு எழுதினால் போலீஸ் விசாரணை வரும். வந்தவர் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஏட்டு. எங்கள் கடைக்கே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பேனாவையே வாங்கி எழுதினார். சந்தமரியாள் பர்னாந்து என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. "பேரு வெள்ளைக்காரன் பேரா இருக்கு. ஆளப் பாத்தா அப்படித் தெரியலியே. கோவாக்காரியா?" என்றார்.

இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு பர்னாந்து. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துக்கீசியப் பாதிரிமார் வைத்த பேர்கள். ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். சொன்னேன். ஏட்டு நம்பவில்லை. பேரை மாற்றிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும், மரியம்மாள் என்று மட்டும் போடுவோமா என்றார். உபகாரம் செய்கிற மாதிரிதான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். சந்தமரியாளுக்கு ஆத்திரமே வரவில்லை. "பேரு சாமியார் வச்சது, நெறம் எங்கம்மா வச்சது. ரெண்டுல எதை அழிக்கணும்னு சொல்லுங்கய்யா."

ஓலை வாசித்தது

ஏட்டு அடுத்து அவள் தெருவுக்குப் போனார். அங்கே மிக்கேலின் தம்பி சூசை இருந்தான். அண்ணன் வீட்டில்தான் அவனும் குடியிருந்தான். அண்ணன் செத்தவராகவே இருந்துவிட்டால் வீடு அவனுக்கு. அவன் ஏட்டிடம், எங்கண்ணன் செத்துப் பூசையே வச்சாச்சே, யாரை வேணுமானாலும் கேளுங்க என்றான். ஏட்டு அக்கம்பக்கத்தில் கேட்டார். பூசை வைத்தது உண்மைதானே, ஆமாம் என்றார்கள். விதவை என்று எழுதியனுப்பிவிட்டார். விதவை எப்படிப் புருஷனிடம் போகிறாள் என்று பாஸ்போர்ட்டு ஆபீசிலிருந்து காகிதம் திரும்பி வந்தது. கப்பல்காரர் நேரில் பார்த்த சாட்சியை ஏட்டு கேட்கவே இல்லை. ஒரு மனிதன் செத்துவிட்டான் என்பதற்கு அவனுக்கு வைத்த பூசைதான் அத்தாட்சியா? நான் இதைச் சொல்லிச் சொல்லி முதலாளிகூட எரிச்சல்பட்டார்.

அவர்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பெண் பேரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும், மறைத்தால் பாவம் என்பார்கள். ஓலை வாசிப்பது என்று பேர். சந்தமரியாள் பங்குச் சாமியாரிடம் போய் எனக்கும் என் புருஷருக்கும் திரும்ப ஒரு ஓலை வாசியுங்கள் என்று கேட்டாள். கல்யாணம் ஆனவர்களுக்கு எப்படி வாசிப்பது, எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்றாராம் சாமியார். "உசுரோட இருக்கவுகளுக்கு மரிச்ச பூசை வச்சியளே, அது எந்தப் புத்தகத்துல இருக்கு சாமி?" என்றாளாம் இவள். அவர் நியாயஸ்தர். ஒரு ஞாயிறு மட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலின் பக்கவாசலில் நின்றேன். எனக்கு அது புதிய இடம். ஏட்டையும் வரச் சொல்லியிருந்தேன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் சாமியார் கேட்டார்: மிக்கேல் பர்னாந்து மரித்ததைக் கண்ணால் கண்டவர்கள், அவரை அடக்கம் செய்தவர்கள் இருந்தால் எழுந்து சொல்லவும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சூசை தூணோரம் நின்று பீடத்து மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தமரியாள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவரை உயிரோடு கண்டவர்கள் இருந்தால் சொல்லவும் என்றார் சாமியார். கப்பல்காரர் எழுந்து, நான் கண்டேன், சாந்தோஸ் துறைமுகத்தில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார் என்றார். வெளியே வந்ததும் ஏட்டு தொப்பியைப் போட்டுக்கொண்டார். "செத்தவரு காப்பி வாங்கித் தரமாட்டாரு. மாத்தி எழுதிருதேன்."

உடுப்பும் பேச்சும்

பாஸ்போர்ட்டு வந்தது. பிரேசில் தேசத்து விசா முத்திரையைப் பம்பாயில் அவர்களுடைய ஆபீசில் வாங்கிக்கொள்ள வேண்டும். உடுப்பைப் பற்றி ஒரு விஷயம்: நமக்குக் கோடை அவர்களுக்குக் குளிர். ஆனி, ஆடியில் அங்கே போய் இறங்குகிறவர்கள் கம்பளி கொண்டுபோக வேண்டும். இதை நம்பவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. ஆடி மாசம் காற்றடிக்கும், குளிராது என்று முதலாளி உள்ளேயிருந்து ஒரே சாதிப்பு.

அங்கே பேசுவது போர்த்துக்கீசிய பாஷை. அது தெரியாமல் எப்படி என்று அவளுக்குக் கவலை. கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்த ஒரு கோவாக்காரர் கடைக்கு வந்தபோது அவளையும் வரச்சொல்லி, நாலு வார்த்தை சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். அவர் மேசையைத் தட்டி மேசா என்றார். சன்னலைக் காட்டி ஜனேலா என்றார். சாவிக்கு ஷாவி, சமையல்கட்டான குசினிக்குக் கொசீஞா, சட்டைப் பொத்தானுக்குப் பொத்தாவ், அன்னாசிக்கு அனனாஸ். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. இவையெல்லாம் அவர்கள் இங்கே வந்தபோது விட்டுப்போன சொற்கள் என்று அவளுக்கு விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் எந்த ஆபீசரிடமும் வராத கோபம் அப்போதுதான் வந்தது. "வந்தவனுவ நம்ம கடல் முத்தைத்தான் அள்ளிட்டுப் போனானுவன்னு நெனச்சேன். சன்னல், சாவியெல்லாமா கொண்டு போயிருக்கானுவ?"

இன்னொரு சீட்டு

அவளை ரயிலேற்றிவிட்டு வந்தேன். அதன்பிறகு வெகு நாள் ஒரு தகவலும் இல்லை. பம்பாயில் முத்திரை குத்தினார்களா, டர்பனில் என்ன சொன்னார்கள், ஒன்றும் தெரியாது. கேட்பதற்கும் ஆள் கிடையாது. முதலாளி மட்டும் பிரேசிலுக்கும் இங்கே சீட்டு ஏற்பாடு செய்யப்படும் என்று ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டார். அதைப் பார்த்து வந்து கேட்டவர்கள் பதினொரு பேர். பிரேசில் கொழும்புக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டவர்கள் அதில் நாலு பேர். எல்லாருக்கும் முழு விவரமும் சொன்னேன். ஒருவரும் போகவில்லை.

பன்னிரண்டாவதாக ஒருநாள் சூசை வந்தான். தலையை நன்றாக வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். என்ன என்று கேட்டேன். "மைனி போய்ச் சேந்துட்டாவளாம். கடுதாசி வந்திருக்கு. அண்ணன் தொறமொகத்துக்கே வந்து காத்துக் கெடந்து கூட்டிட்டுப் போனாராம். மைனியும் அந்தக் கயித்துக் கொட்டகையிலேயே வேலைக்குப் போறாவளாம்" என்றான். எனக்குச் சந்தோஷத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கத் தோன்றியது, ஆனால் இவன் முன்னால் எதற்கு என்று இருந்துவிட்டேன். அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்தான். குரலைத் தணித்துக்கொண்டான். "அண்ணாச்சி, நானும் போலாம்னு இருக்கேன். கூடப்பொறந்த அண்ணன் அங்கன இருக்காருல்லா, சீட்டுல கொஞ்சம் கொறச்சுப் போடுங்க."

பிரேசிலுக்குப் போக அம்மை குத்திய சீட்டு, பாஸ்போர்ட்டு, முத்திரை, கம்பளி எல்லாம் வேண்டும் என்று அவனுக்கும் வரிசையாகச் சொன்னேன், வெட்கம் மட்டும் எந்த ஆபீசிலும் கேட்கமாட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.