அசனத்துக்குக் காத்திருந்த பூட்ஸ்

மணிமுத்தாறு பக்கம் மலையடி ஊர்களில் யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் கூப்பிடுவது கிருபைராஜைத்தான். தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தன் பழைய ஆம்னியில் கடிபட்டவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். பெட்ரோலுக்குக்கூடக் கை நீட்டியதில்லை. பச்சிலை, மந்திரம் என்று யாராவது வாயெடுத்தால், "அவன் மந்திரிச்சு முடிக்கதுக்குள்ள இவன் முடிஞ்சிருவான். ஏத்துங்கவே வண்டில" என்று தெருவே கேட்கக் கத்துவார். 'பாம்பு வண்டி அண்ணாச்சி' என்று பேர். கோபப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் அவருக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். அந்த ஆசைதான் தன்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறார்.

கடித்த பிறகு ஓடுவதைவிடக் கடிபடாமல் பார்த்துக்கொள்ளலாமே என்று இந்த வருஷம் அவருக்குத் தோன்றியது. பாளையங்கோட்டையில் வசதியான ஒருவரைப் பிடித்து, வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிவிட்டார். மூட்டைகள் களையெடுப்புக்குச் சரியாக வந்து சேர்ந்தன. ஆனால் அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தானமாக வந்த எதையும் போதகர் ஜெபித்து, கொடுத்தவர் கையாலேயே கொடுக்க வேண்டும். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்குத்தான் பாளையங்கோட்டைக்காரர் வருவதாக இருந்தது. அதுவரை பூட்ஸ் கோயிலின் பக்கத்து அறையில் கிடந்தது. சாவி கிருபைராஜிடம்.

முத்துராணி வீடு தேடி வந்து கேட்டாள். புருஷன் இல்லாதவள், களையெடுத்து மகள் கோமுவைக் காலேஜுக்கு அனுப்புகிறவள்.

"அண்ணாச்சி, வரப்புல நேத்தும் ஒண்ணக் கண்டோம். எனக்கு ஒரு சோடி இப்பமே தாங்களேன். பண்டிகையன்னைக்குக் கழுவிக் கொண்டாந்து வச்சிருதேன். எல்லார் முன்னாடியும் திரும்ப வாங்கிக்கிடுதேன்."

"ஒனக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும். கொஞ்சம் பொறு தாயி."

"சரி அண்ணாச்சி" என்று போய்விட்டாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி பியூலா விடவில்லை. "ஜெபிக்காத பூட்ஸப் பாத்தா பாம்பு சிரிக்குமோ?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தார். மூட்டைகளை மேடையில் பிரிக்காமல் அடுக்கிவைத்து, கைதட்டலுக்கு நடுவே நிற்க அவருக்கும் ஆசை இருந்தது. அதை எப்படிச் சொல்வார்?

பண்டிகைக்கு முந்தின வாரம் போன் வந்தது. கண்ணாடி விரியன். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, பூட்ஸ் மறைத்திருக்கும் இடத்தில். வரப்பில் கிடந்தது முத்துராணி. கிருபைராஜ் தூக்கி வண்டியில் ஏற்றினார். வண்டிச் சாவியும் அறைச் சாவியும் ஒரே வளையத்தில் கிடந்ததால் வழியெல்லாம் கிணுகிணுத்துக்கொண்டே வந்தன. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிய பின் சீட்டில் படுத்திருந்த முத்துராணி, "வண்டியெல்லாம் சேறாக்கிட்டேன் அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டாள். ஒரு வார்த்தை அவள் திட்டியிருந்தால் அவருக்கு மூச்சு வந்திருக்கும்.

உயிர் தப்பியது. ஆனால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்தது. காலில் அழுகிய சதையை வெட்டி எடுத்தார்கள்.

பண்டிகையன்று பாளையங்கோட்டைக்காரர் கிருபைராஜுக்குப் பொன்னாடை போர்த்தி, "ஓர் ஏழைப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றியவர்" என்றார். மைக் இவர் கைக்கு வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாங்கினார். கூட்டத்திலிருந்து பியூலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் கர்த்தர் செயல்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். தன் தப்பைக் கர்த்தர் தலையிலேயே கட்டியாயிற்று என்று நினைத்தவர், அசனச் சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் ஒரு சோடி பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். "முத்துராணி, நீ கேட்டன்னைக்கே நான் குடுத்திருக்கணும். தப்பு எம்மேலதான்" என்றவர், வார்டு என்றும் பாராமல் அழுதுவிட்டார்.

"அழாதீய அண்ணாச்சி. நீங்க இல்லன்னா இன்னைக்கு நான் ஏது?" அவள் பூட்ஸை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். "கோமுவுக்குக் கொஞ்சம் பெருசுதான். துணிய வச்சுப் போட்டுக்கிடுவா."

"கோமுவுக்கா? அவ காலேஜுக்குல்லா போவுதா?"

"நின்னுட்டா. இனிம நான் வயல்ல எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. நாளைக்குக் களையெடுக்க அவதான் போவா. இத இன்னைக்கே கொண்டு குடுத்துருங்க அண்ணாச்சி. பொறவுன்னு வச்சிராதீய."