குசினிக்கு மேலே ஒன்பது இலட்சம்

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, சாய்ந்தமருதில், தங்கச்சிக்காகப் பார்த்த வீட்டின் விறாந்தையில் விலை பேச உட்கார்ந்தோம். வாப்பா, நான், வீட்டை விற்கும் வீட்டுக்காரியின் தமையன், அவர் கூட்டி வந்த உறவுக்காரர் இருவர். வீட்டுக்காரி வரவில்லை. என் உம்மாவும் தங்கச்சியும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு உறுதிப் பத்திரம் பெண்ணின் பெயரில்தான் இருக்கும்; மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். ஆனால் அன்று விற்பவரும் இல்லை, வாங்குபவளும் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர்கள் கேட்டது எழுபத்திரண்டு இலட்சம். வாப்பா கடலில் உழைத்தது, உம்மாவின் நகை, என் வங்கிக் கடன் எல்லாம் சேர்த்தும் எங்களிடம் இருந்தது எழுபத்தொன்று. நிக்காஹ்வுக்கு இரண்டு மாதம். வீடு இல்லாவிட்டால் நிக்காஹ்வும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். சும்மா பேரம் பேச மனம் வரவில்லை. என்னோடு படித்த இன்ஜினியர் நண்பனைக் கூட்டிப்போய் வீட்டை முன்கூட்டியே சோதித்திருந்தேன். முன்வீட்டுக்கு ஓடு, சமைக்கிற குசினிக்கு மட்டும் மேலே தட்டையாக வார்த்த கொங்கிரீட் பிளேட். அவன் சுத்தியலால் தட்டியதும் ஒரு துண்டு கழன்று விழுந்தது. உள்ளே கம்பியெல்லாம் துருவேறிக் கறள். உடைத்துப் புதுப் பிளேட் போட ஒன்பது இலட்சம் என்றான். அதை மூன்று பக்கத்தில் ஆங்கிலத்தில் டைப் செய்து கொண்டுபோய், எழுந்து நின்று வாசித்தேன்.

"மகன், வீடு வாங்க வந்தீங்களா, வீட்டுக்குப் போஸ்ட்மோட்டம் செய்ய வந்தீங்களா?" என்றார் தமையன். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும்தான்.

நான் சிரிக்கவில்லை. எழுபத்திரண்டில் ஒன்பதைக் கழித்து அறுபத்துமூன்று என்றேன். அவர் எழுபதில் வந்து நின்றார். "அதுக்குக் கீழ ஒரு சதமும் இறங்க ஏலா." எழுபது கொடுத்தால் எங்கள் கையில் மிஞ்சுவது ஒன்று; பிளேட்டுக்கு வேண்டியது ஒன்பது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் போனோம். அதே அறுபத்துமூன்று, அதே எழுபது. வீடு கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அன்று பகல் சோறு போட்டுக்கொண்டே உம்மா கேட்டார்: "அந்த வீட்ட எனக்கும் ஒருக்காக் காட்டுவீங்களா, இல்லாட்டி நானும் பேப்பர்லதான் பாக்கணுமா?"

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவையும் தங்கச்சியையும் அழைத்துப் போனேன். வீட்டுக்காரி நேரே குசினிக்குள் கூட்டிச் சென்றார். நான் வாசலில் நின்றேன். உம்மா அண்ணாந்து பார்க்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார்: "அது கழர்றது எனக்குத் தெரியும் மதினி. ரெண்டு வருசமா அடுப்ப இங்கால இழுத்து வெச்சித்தான் ஆக்கிறன். ஆனா எழுபது கிடைக்காட்டி என்ட மகள்ட வளவுல வீடு எழும்பாது. அவளுக்கும் மாப்புள பேசி வெச்சிரிக்கி."

உம்மா அடுப்பு இருந்த மூலையைப் போய்ப் பார்த்தார். நான்தான் மறுபடியும் ஒன்பது இலட்சத்தைத் தொடங்கினேன்.

"எனக்குப் பிளேட் என்னத்துக்கு காக்கா?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள் தங்கச்சி.

"நாளைக்கு உன்ட மகளுக்கு மேல ரூம் எடுக்கலாம்தானே?"

"முதல்ல அவ பொறக்கட்டும். இத உடைச்சிட்டு ஓடு போட்டாக் காணும். வெக்கையும் கொறையும்."

வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டு வெள்ளி இருந்து கத்தினாங்களே ஆம்புளையள், ஒருத்தருக்கும் இது ஓடல்லியே மதினி!"

அங்கிருந்தே நண்பனுக்கு அழைத்துக் கேட்டேன். "ஓம், தாராளமாச் செய்யலாம். நீ புதுப் பிளேட்டுக்குத்தானே கணக்குக் கேட்ட?" என்றான்.

எழுபதுக்கு அன்றே பேசி முடித்தோம். பழைய பிளேட்டை இறக்கி ஓடு போட ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ஆனது. கையில் குறைந்த நாற்பதாயிரத்தை என் சம்பளத்தில் போட்டேன். நிக்காஹ் சொன்ன நாளில் நடந்தது.

அந்த மூன்று பக்கங்களும் இன்னும் என் மேசையில் கிடக்கின்றன. அதில் எழுதியது ஒன்றும் பிழையில்லை. அந்தக் குசினியில் நிற்கப்போகிறவளிடம் கேட்ட ஒரு வரிதான் இல்லை. இப்போது எந்தக் காரியத்துக்கு உட்கார்ந்தாலும், யார் வரவில்லை என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வெள்ளிக்கிழமைகள் போயின. வீடு எங்களுக்கு முடிந்தது எழுபத்தொரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்கு.