கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு பீடிங்

விருந்துக்குப் போன வீட்டில் எல்லோரும் தட்டைப் பார்த்தால், அவள் மட்டும் சுவரும் தரையும் சேருகிற மூலையைப் பார்ப்பாள். மூலை சுத்தமாக முடிந்திருந்தால்தான் சாப்பாடு இறங்கும். இல்லாவிட்டால் திரும்பி வரும் வழியெல்லாம் கணவரின் காதைத் தின்றுவிடுவாள்.

"இவ்வளவு பெரிய வீடு கட்டினவங்களுக்கு ஓரத்துல ஒரு பீடிங் வைக்கத் தோணலையா? பல்லு மாதிரி நீட்டிட்டு நிக்குது."

பீடிங் என்பது வெட்டிய டைல்ஸின் ஓரம் வெளியே தெரியாமல் ஒட்டுகிற மெல்லிய பட்டை. அவள் கணவர் மருந்துக் கிடங்கில் வேலை பார்ப்பவர். பாவம், பீடிங் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்படி வழியில் திட்டு கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

டைல்ஸ் கடை ஷோரூமில் பல வருஷமாக நின்று நின்றே வேலை பார்க்கிறாள். முதலாளி முதல் லாரியிலிருந்து பெட்டி இறக்குபவர் வரை எல்லோருக்கும் அவள் டைல்ஸ் அக்கா. அழுக்குத் தெரியாத டைல்ஸ் வேண்டும் என்று வருகிறவர்களிடம், "தெரியட்டும்ங்க, தெரிஞ்சாத்தானே துடைப்பீங்க" என்று சொல்லி, அப்படியும் விற்றுவிடுவாள். ஆனால் அவள் குடியிருந்த வாடகை வீட்டின் தரையோ கோணல். கூடத்தில் தண்ணீர் சிந்தினால் அது பாட்டுக்குப் படுக்கையறைக்கு நடந்து போகும். வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார். ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் நேராக்குகிறவளுக்குத் தன் வீட்டில் ஒரு கல்லை நகர்த்த வழியில்லை.

அந்த ஆற்றாமைக்கு வடிகாலாக வந்து வாய்த்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. கட்டைகளை அடுக்கி வீடு, தெரு, பாலம், கோட்டை என்று மனசுக்குத் தோன்றியதைக் கட்டலாம். அதே வீட்டில் குடியிருந்த கொழுந்தன் கல்யாணத்துக்கு முன்னால் அதை வாங்கி, இரண்டு குடிசை கட்டிவிட்டு அலுத்துப்போய் எழுந்துவிட்டான். அண்ணி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

ஒரு ஊரே கட்டினாள். ஆற்றங்கரையில் தெருத்தெருவாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சமையலறை, பரண், மாடிப்படி, படிக்கு அடியில் செருப்பு வைக்க ஓர் இடம். எங்கெல்லாம் ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறதோ, அங்கெல்லாம் பாதி உயரக் கட்டையை வரிசையாக வைத்து ஓரம் கட்டுவாள். விளையாட்டில் பீடிங் கிடையாது, அவள் உண்டாக்கிக்கொண்டாள்.

இப்படிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு குழு உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர். குழுவில் புதிதாகச் சேருகிறவர் விளையாட்டுக்குள் முதலில் கால் வைக்கிற இடத்துக்கு வாசல் ஊர் என்று பெயர். எது வாசல் ஊர் என்று வருஷா வருஷம் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். சில வருஷங்களாக அது டைல்ஸ் அக்காவின் ஊர்தான். சதுக்கத்தில் ஒரு பலகை: 'கட்டியவர்: டைல்ஸ் அக்கா'. வந்தவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். தன் வாழ்க்கையில் தன் பெயர் எழுதிய ஒரே பலகை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் விளக்கை அணைக்கும்போது மட்டும் சில நாள் நினைத்துக்கொள்வாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி, ஓரகத்தி வந்து சேர்ந்தாள். வீட்டில் சின்னவள். ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிற வேலை. எப்போதும் சிரித்த முகம். அதுதான் பிரச்சினையே, முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்தாலாவது வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சின்னவளும் அதே பெயரில் அந்த விளையாட்டுக்குள் வந்தாள். அவள் கட்டிய சுவரைப் பார்த்து டைல்ஸ் அக்காவுக்கு உள்ளூர ஓர் ஆனந்தம். அவ்வளவு கோணல். ஆனால் சின்னவள் கட்டுவதோடு நிற்கவில்லை. விளையாட்டில் இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம், மாட் என்பார்கள். அவள் எழுதியது, செத்ததை எழுப்பும் மந்திரம்.

மெழுகுவத்தியை ஏற்றி, எலும்புப் பொடியைத் தூவினால் மண்ணைப் பிளந்துகொண்டு எலும்புக்கூடு எழுந்து நிற்கும். கூப்பிட்டால் ஏவல் பிராணிகள் வரும்: எலும்பு நாய், செங்கல் சுமக்கும் மண் மனிதன், விளக்கு ஏந்திய அந்துப்பூச்சி. எழுப்பியவர் பேச்சை மட்டும் கேட்கும். வெயில் பட்டால் புகைந்து சாம்பலாகிவிடும்.

குழு தலைகால் புரியாமல் ஆடியது. முன்பெல்லாம் சதுக்கத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், இப்போது டைல்ஸ் அக்கா ஊருக்குள் வந்து, "சின்னவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஊரைத் தாண்டி மலையடிவாரத்தில் சின்னவள் கட்டியிருந்த கோணல் சுவர் கல்லறைக்கு ஓடினார்கள். ஒரு கதவுக்கு மூன்று முறை மரம் மாற்றியவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? எரிந்தது. சோறு வடிக்கும்போது எரிந்தது, கடையில் சிரித்துக்கொண்டே விலை சொல்லும்போதும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் வந்து கேட்டாள்.

"அக்கா, உங்க வீடெல்லாம் காலியாத்தானே இருக்கு? என் ஆளுங்களைக் கொஞ்சம் அங்கே குடி வெச்சுக்கட்டுமா? அவ்வளவு அழகா இருக்கு."

"என் ஊருக்குள்ள ஒரு எலும்பு கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றாள் சின்னவள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த மாசமே பல் டாக்டர் அறிவித்தார். இந்த வருஷம் வாசல் ஊருக்குப் போட்டி: டைல்ஸ் அக்காவின் ஊர் ஒன்று, சின்னவளின் கல்லறை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மதியம் சின்னவள் எல்லோருக்கும் மந்திரத்தைச் செய்து காட்டுவாள், முடிந்ததும் ஓட்டு.

இதோடு விட்டாளா? அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சின்னவள் கேட்டாள். "அக்கா, செஞ்சு காட்ட ஒரு மண்டபம் வேணும். எனக்குக் கட்ட வராதுன்னு உங்களுக்கே தெரியும். வெயில் இறங்காத மாதிரி நீங்கதான் கட்டித் தரணும்."

தன் பலகையைப் பிடுங்கப் போகிறவளுக்குத் தானே கொத்தனார்! மாட்டேன் என்றால் பொறாமை என்பார்கள். அது உண்மை என்பதுதான் இன்னும் எரிச்சல். "கட்டறேன்" என்றாள் டைல்ஸ் அக்கா. கட்டும்போதே கூரையைப் பற்றி ஓர் எண்ணம் வந்தது. வந்த எண்ணத்தை அவள் விரட்டவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் மண்டபம் கம்பீரமாக எழுந்தது. கூரை முழுக்கக் கறுப்புக் கல். சனிக்கிழமை காலை, யாரும் இல்லாத நேரம் பார்த்து, கூரையின் நடுவில் கல்லை எடுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி பதித்தாள். கீழேயிருந்து பார்த்தால் கல் மாதிரியே இருக்கும். வெயில் மட்டும் நேராக உள்ளே இறங்கும். ஊர் மெச்சுகிற மந்திரம் ஊர் முன்னாலேயே பொசுங்கட்டும். வேலை முடிந்து எழுந்திருக்கப் போனவளை ஏதோ ஒன்று இழுத்தது. கல்லும் கண்ணாடியும் சேருகிற இடம் அப்படியே மொட்டையாக நின்றது. மனசு கேட்கவில்லை. மறுபடி உட்கார்ந்து, சுற்றிலும் பாதிக் கட்டையை வரிசையாக வைத்து ஓரம் கட்டினாள். அப்புறம்தான் எழுந்து போய்க் குளித்தாள்.

ஞாயிறு மதியம் டைல்ஸ் அக்கா படுக்கையறையில் பழைய கம்ப்யூட்டர் முன், சின்னவள் கூடத்தில் லேப்டாப் முன். ஹெட்போனில் ஒரு தரம், கதவு வழியாக ஒரு தரம் என்று சின்னவளின் குரல் இரண்டு முறை கேட்டது. ஒரு தரம் கேட்பதே அதிகம் என்றிருந்தது டைல்ஸ் அக்காவுக்கு.

விளையாட்டுக்குள் இரவு. மண்டபம் நிறைய ஆட்கள். மெழுகுவத்திகள் எரிந்தன. எலும்புக்கூடுகள் ஒவ்வொன்றாக எழுந்தன, மண் மனிதர்கள் வரிசை கட்டினார்கள், எலும்பு நாய் சின்னவளைச் சுற்றி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். டைல்ஸ் அக்கா கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விளையாட்டில் விடிந்தது. கண்ணாடி வழியே வெயில் இறங்கி, முதல் எலும்புக்கூட்டின் மண்டையில் புகை வந்தது.

"ஐயையோ, எரியுது!" என்று யாரோ கத்தினார்கள். தன் நெஞ்சும் ஏன் திக்கென்றது என்று டைல்ஸ் அக்காவுக்குப் புரியவில்லை.

ஆனால் அவை நின்று சாம்பலாகவில்லை. ஒரே நேரத்தில் திரும்பின. மண்டபத்தை விட்டு, பாலத்தைத் தாண்டி, தலைதெறிக்க ஓடின. எங்கே வீட்டுக் கூரை தெரிந்ததோ அங்கே. பக்கத்தில் வீடு என்றால் டைல்ஸ் அக்காவின் ஊர்தான். அவள் ஊருக்குள், அவள் கதவுகளைத் திறந்துகொண்டு, அவள் வீடுகளுக்குள் நுழைந்தன. பின்னாலேயே குழு மொத்தமும் ஓடியது.

அத்தனை வருஷமாகச் சதுக்கத்தோடு திரும்பிப் போனவர்கள் அன்றுதான் உள்ளே போனார்கள்.

"இங்கே பாருங்க, பரண் மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு!"

"அட, இந்த வீட்ல படிக்கு அடியில செருப்பு வைக்க இடம்கூட இருக்கு. மண் மனுஷன் அதுக்குள்ள போய் ஒளிஞ்சிருக்கான்!"

"எப்பா, இந்தச் சமையலறையை யார் கட்டினது?"

சிரித்துச் சிரித்து ஒருவருக்குப் புரையேறியது. தன் வீடுகளை யாராவது அப்படி மூலைமூலையாகப் பார்க்க வேண்டும் என்று டைல்ஸ் அக்கா எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! இன்று பார்க்கிறார்கள், எலும்பைத் தேடிக்கொண்டு.

ஓட்டெடுப்பில் சண்டையே இல்லை. பல் டாக்டர் வாயெல்லாம் பல்லாக அறிவித்தார். "வாசல் ஊர் அதே ஊர்தான், குடியிருக்கிறவங்களோட சேர்த்து. சின்னவங்க என்னமா யோசிச்சிருக்காங்க! வெயில்ல விரட்டி ஊருக்குள்ள விடறது, அடடா!" பலகையில் அங்கேயே இரண்டாவது வரி ஏறியது: 'குடியேற்றியவர்: சின்னவள்'.

பலகை போகவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று டைல்ஸ் அக்காவுக்குத் தெரிந்தது. அந்த இரண்டாவது வரியைப் பார்க்கப் பார்க்கக் காதில் புகை வந்தது. அதை அங்கே ஏற்றிவிட்டதே தன் கைதான் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் வந்தது.

சாயங்காலம் அடுப்படியில் இரண்டு பேரும் மட்டும். சின்னவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"பீடிங் நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.

"எந்தப் பீடிங்?"

"கண்ணாடியைச் சுத்தி வெச்சீங்களே, அது. நேத்து மத்தியானம் சும்மா ஒண்ணை எழுப்பிப் பார்த்தேன், புகைஞ்சிடுச்சு. யாரு பண்ணினதுன்னு மேலே பார்த்தேன். கெடுக்கறதுக்குன்னு வெச்ச கண்ணாடிக்கு யாராவது ஓரம் கட்டுவாங்களா? உங்களைத் தவிர?"

டைல்ஸ் அக்காவுக்கு முகம் சுட்டது. கையும் களவுமாக மாட்டியவள் தரையைப் பார்த்தாள். தரை வழக்கம்போல் கோணலாக இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் மாத்தலை?"

"மாத்தறது ஒரு நிமிஷ வேலை. ஆனா உங்க ஊருக்குள்ள என் ஆளுங்களைக் கொண்டுபோக எனக்கு வேற வழி கிடைக்கலையே. வெயில் பட்டா உடனே சாம்பலாகாம, பக்கத்துல இருக்கற வீட்டுக் கூரைக்கு ஓடுன்னு நேத்தே எழுதிச் சேர்த்துட்டேன்." கிளாஸை நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எல்லாரும் சொல்றதைக் கேக்கறேன்கா. பெரியவ மாதிரி நேர்த்தி வராது, பெரியவ கை வெச்சா அப்படி இருக்கும். நான் மட்டும் என்ன, கல்லா? எனக்கும் பத்திக்கிட்டுத்தான் வரும்."

டைல்ஸ் அக்கா டீயைக் குடித்துவிட்டு உள்ளே போனாள். எல்லாவற்றையும் விரட்டிவிடுவது என்ற முடிவோடு விளையாட்டைத் திறந்து, தான் முதன்முதலில் கட்டிய வீட்டுக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கு அடியில் எலும்பு நாய் படுத்திருந்தது. இடம் போதாமல் அதன் வால் சுவரைத் துளைத்துக்கொண்டு தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

பார்க்கச் சகிக்கவில்லை. நாயை விரட்டப் போனவள், சுவரை இடித்து ஒரு கட்டை தள்ளிக் கட்ட ஆரம்பித்தாள்.

பின்னால் சின்னவள் வந்து நின்றாள். "அக்கா..."

"உன் நாய்க்காக ஒண்ணும் இல்ல. என் சுவருக்காக."

"தெரியும்கா."

சின்னவளின் குரல் கூடத்தில் திறந்து கிடந்த லேப்டாப் வழியாக விளையாட்டுக்குள்ளும் எட்டியதோ என்னவோ, நாய் எழுந்து வாசல் பக்கம் பார்த்து வாலாட்டியது. இத்தனை கட்டைகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தவள் பக்கம் அது திரும்பவே இல்லை. டைல்ஸ் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"இது என் பேச்சையும் கேக்கற மாதிரி பண்ண முடியுமா?"

சின்னவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"முடியும்கா. ஒரு வரிதான் மாத்தணும்" என்றாள். "ஆனா பண்ண மாட்டேன்."

டைல்ஸ் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. கூடவே, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. வந்த நாளிலிருந்து சின்னவள் சொன்னதில் அவளுக்கு முழுசாகப் புரிந்த பேச்சு இது ஒன்றுதான். தானாயிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள். சிரிப்பைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி உட்கார்ந்து, புதுச் சுவரின் ஓரத்துக்குப் பாதிக் கட்டை எடுத்தாள்.