பக்கத்து சீட்டுப் பிரேக்

உலகத்தில் இதுவரை செய்த கார்கள் அத்தனையையும் ஒரே வரிசையில் நிறுத்தி, என் அத்தை ஒரே ஒரு அதட்டல் போட்டால் போதும். சாவி இல்லாமலே எல்லாம் ஸ்டார்ட் ஆகும், இண்டிகேட்டர் போடும், ஓரமாகப் போய்க் கைகட்டி நிற்கும். நம்பாதவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்ச் மிதிக்காமல் ஒரு தடவை கியர் மாற்றிப் பாருங்கள். காது இருந்தால் பிறகு பேசலாம்.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் காரில் பிரேக்கும் கிளட்சும் அவள் பக்கத்திலும் உண்டு. பழகுகிறவர் மறந்தால் அவள் மிதிப்பாள். மிதித்து மிதித்து, அந்தக் கால் இப்போது யாரையும் கேட்காமல் வேலை செய்கிறது. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். சாப்பிடும்போது அப்பா தண்ணீர் ஜாடியை வெடுக்கென்று இழுத்தால், மேசைக்கடியில் ஒரு மிதி விழும். பெரும்பாலும் என் பாதத்தில்.

மற்றவர்களுக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். அத்தைக்கு மூக்கே அதுதான். சும்மாவும் திட்ட மாட்டாள், கார் விஷயம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அடிப்பாள். நான் சோபாவில் படுத்திருந்தால், "கார்கூட தன் ஆயுசுல முக்காலே மூணு வீசம் சும்மாதான்டா நிக்குது. ஆனா கூப்பிட்டா எழுந்து வருது" என்பாள்.

"பொம்பளைங்க ஓட்டி என்னத்தக் கிழிக்கப் போறாங்க?" என்று பழக வந்த ஒரு பெரிய மனிதர் சிரித்த அன்று, தெருவே கேட்டது.

"ஐயா, உலகத்துலயே முதமுதல்ல ரொம்ப தூரம் கார் ஓட்டினது ஒரு பொம்பள. புருஷன் செஞ்ச வண்டிய அவர்கிட்ட சொல்லாம எடுத்துட்டுப் போனா. அப்ப பெட்ரோல் பங்க்கே கிடையாது, மருந்துக்கடையில எண்ணெய் வாங்கி ஊத்தினா. எண்ணெய்க் குழாய் அடைச்சப்ப தன் தொப்பியில செருகியிருந்த ஊசியால குத்தி எடுத்தா. நீங்க கேட்டுக்கு வெளிய வண்டிய எடுக்கவே நாலு பேரக் கூப்பிடுறீங்க!"

இப்படிப்பட்டவளிடம்தான் டிரைவிங் ஸ்கூல் ஓனர் அந்தப் பேச்சை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற ஒரு வேன் வாங்கியிருந்தார். ஓட்டப்போவது அவர் மகன். மகனுக்கு லைசென்ஸ் இல்லை, ஓட்டவும் வராது. டெஸ்டில் ஆபீசர் பின்சீட்டில் இருப்பார். மேட்டில் பாதி ஏறி நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். அங்கே பக்கத்து சீட்டுக்காரர் ரகசியமாக மிதித்துக் காப்பாற்றுவார். 'கால் கொடுப்பது' என்று இந்தத் தொழிலில் அதற்கு ஒரு பெயரே உண்டு.

"மேட்டுல மட்டும் லேசா கால் குடுத்துரும்மா. பின்னாடி இருக்கறவருக்கு என்ன தெரியப்போகுது?"

"நாளைக்கு வேன்ல யாரு சார் கால் குடுப்பா? அஞ்சு வயசுப் பிள்ளையா?"

"அதெல்லாம் ஓட்ட ஓட்ட வந்துரும்."

"ஒரு டயர் ரோட்டைத் தொடுறது உள்ளங்கை அகலம்தான் சார். நாலு உள்ளங்கைதான் மொத்த வண்டியையும் பிடிச்சு வச்சிருக்கு. இதுல ஓட்ட ஓட்ட எங்கேர்ந்து வரும்?"

"எனக்கே கிளாஸ் எடுக்காத. வேலை வேணுமா, வேண்டாமா?"

வேலை வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பில் பாதி அத்தையின் சம்பளத்தில்தான் எரிகிறது.

டெஸ்ட் அன்று எனக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போய், டெஸ்ட் நடக்கும் மைதானத்தின் சுவரில் உட்கார்ந்திருந்தேன். கார் மேட்டில் பாதி ஏறி நின்றது. அத்தை செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் அம்சமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை மட்டும் ஹேண்ட் பிரேக் மேல் இருந்தது. மகன் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்தது. கார் பின்னால் உருண்டு ஒரு காலி டிரம்மைச் சாய்த்ததும், அத்தை ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"ஏம்மா, எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா?" என்றார் ஆபீசர்.

"இன்னைக்கு மட்டும் சார். மூட்டு வலி."

மகன் ஃபெயில். மைதான வாசலிலேயே, பழக வந்த பெண்கள் எல்லோர் முன்னாலும், "நாளையிலேர்ந்து வராத!" என்று ஓனர் கத்தினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆளுடைய காரில் நாலு டயர் காற்றையும் பிடுங்கியிருப்பேன். நாலு உள்ளங்கை ஞாபகம் வந்து தொலைத்தது.

வீட்டில் அத்தை பாத்திரங்களோடு சண்டை போட்டாள். சமையலறையில் நின்றபடி தரையை மிதித்தாள். ஆனால் என்னைத் திட்டவில்லை. ஈரத்துண்டை அவள் கட்டிலிலேயே போட்டேன். ம்ஹும். இந்தக் கோபத்தையாவது தாங்கலாம், அந்த மௌனத்தை எந்த மனிதன் தாங்குவான்?

அடுத்த சில நாட்களில் டிரைவிங் ஸ்கூலுக்கு வரிசையாகப் பெண்கள் போன் செய்தார்களாம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "அந்தக் கோபக்கார மேடம் இருக்காங்களா? இல்லையா? அப்ப நாங்க வேற ஸ்கூல் பாத்துக்கறோம்."

நேற்று அத்தை போனை வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை.

"ஓனர் கூப்பிட்டார். யாருக்கும் கால் குடுக்க மாட்டேன், உங்க பையனும் முதல்லேர்ந்து என்கிட்டயே பழகணும்னேன். சரின்னுட்டார்."

"பாத்தியா அத்த! உன் அருமை இப்பதான் தெரிஞ்சிருக்கு."

"ஆமாமா. ஏகப்பட்ட பேரு கேட்டாங்களாம். ஒரு டீச்சரு, ஒரு கர்ப்பிணி, பேரன் பேத்தி எடுத்த பாட்டி ஒருத்தி."

"அப்படியா!"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி தொண்டைக்கட்டாம். பேசிட்டே இருக்கும்போது கீச்சுன்னு ஏறி, தொபுக்குன்னு ஆம்பளக் குரலுக்கு இறங்குதாம். ஊர்ல ஏதோ காய்ச்சல் பரவுதுன்னு அந்த மனுஷன் பயந்து கெடக்கறார்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கீச்சென்றுதான் வந்தது.

"பேசு, பேசு" என்றாள் அத்தை. "இப்பப் பேசறது டீச்சரா, பாட்டியா?"