பேட்டரிக்கு வைத்த சந்தனம்

என் வாழ்க்கையில் நானே கண்டுபிடித்துக் குணமாக்கிய நோய் ஒன்றுதான். அது என் காருக்கு வந்தது. அதை வரவழைத்தவர் யார் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தோம். விஜயதசமியன்று கிள்ளானில் மாமனார் வீட்டில் மைத்துனிக்கு நிச்சயதார்த்தம். பத்து மணிக்குள் தட்டு மாற்ற வேண்டும். பெண் வீட்டுத் தட்டுகள் ஏழும் எங்கள் காரின் பின் சீட்டில். டாக்சியில் வரச் சொன்ன மாமனாரிடம், என் காரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று பெருமையடித்திருந்தேன்.

சாவியைத் திருகினேன். ‘டக்’. மறுபடி திருகினேன். மறுபடி ‘டக்’. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ரயில்வேக்காரர் எட்டிப் பார்த்தார். “பேட்டரி செத்துப் போச்சு லா. தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாம்.”

“வழியில நின்னா? பட்டுப்புடவையோட நான் ஹைவேல இறங்கித் தள்ளணுமா?” என்றாள் மனைவி.

முன்விளக்கைப் போட்டேன். பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருகும்போது அணைந்தது. விட்டதும் அதே பளிச். செத்த பேட்டரி இப்படி எரியாது. கரண்ட் இருக்கிறது, ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. பானட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு கிளாம்ப்பையும் தொட்டேன். ஒன்று சில்லென்று இருந்தது, மற்றது சுட்டது. கரண்ட் தடைபடுவது அங்கேதான். மருத்துவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு ஸ்பேனரால் கழற்றினேன்.

உள்ளே சந்தனம். காய்ந்து சுண்ணாம்பாக இறுகியிருந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. சுத்தியல், ஸ்பேனர், ஸ்டீயரிங் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன், பக்தி முற்றி, கிளாம்ப்பைக் கழற்றித் துடைத்து, பேட்டரியின் அந்த முனைக்குக் கெட்டியாகச் சந்தனம் சாத்தி, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதைக் காலையில் கிளம்பும்போது வைத்துக்கொள்ளலாம் என்று விட்டதால் காரை ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

மனைவி பார்த்தாள். சமையல் கத்தியை எடுத்து வந்து கொடுத்தாள். சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கினேன். சாவியைத் திருகியதும் என்ஜின் உறுமிய உறுமலில் நான் ஓரங்குலம் வளர்ந்தேன். நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்கின. என்ன கோளாறு என்று ரயில்வேக்காரர் கேட்டதற்கு, “கனெக்‌ஷன்” என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கிள்ளான். மாமனாரிடம் வாசலிலேயே விளக்கு அணைந்ததையும் கிளாம்ப் சுட்டதையும் இரண்டு தடவை சொன்னேன், சந்தனத்தைச் சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதற்குள் வரவேற்புத் தட்டை ஏந்தி நின்ற என் மனைவி சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

“எடுத்துக்குங்க. நெத்திக்கு மட்டும்.”