கரையில் சொல்லாத சொல்

கைகள் தடித்த அட்டையைக் கத்தரித்து, ஓரத்தை நகத்தால் நீவி, பென்சிலைக் கூராக்குகின்றன. விரலிடுக்கில் காலையில் அரிந்த மீனின் செதில் ஒன்று இன்னும் ஒட்டியிருக்கிறது.

மீன் ஆலையில் கத்தி பிடிக்கும் சுன்வர், வீட்டில் ஃபாரோ தீவுகளின் மொழிச் சொற்களைப் பிடித்து, அட்டையில் எழுதித் தலைநகரில் அகராதி தொகுப்பவர்களுக்கு அனுப்புகிறாள். பழைய இலக்கண நூல்களைத் தானே புரட்டிக் கற்றவள். ஒன்றில் மட்டும் கறார்: உதாரணத்தைச் சொந்தமாக எழுதமாட்டாள். யார் சொன்னது, எங்கே சொன்னது, இரண்டும் அட்டையில் இருக்கவேண்டும்.

ஒரு துணைவினை மட்டும் இழுத்தடிக்கிறது. 'நினைத்தல்' என்ற பழைய வேரில் முளைத்தது. ஐஸ்லாந்தில் அதற்கு உடன்பிறப்பு உண்டு. இங்கே ஒருமையில் 'மேன்', பன்மையில் 'முன்னு': நடக்கும்போலிருக்கிறது. இறந்தகாலத்தில் 'முன்டி': நடக்கப் பார்த்தது, நடக்கவில்லை. முன்டிக்குத்தான் உதாரணம் சிக்கவில்லை. படகு கடலில் இருக்கும்வரை கரையில் யாரும் அதைச் சொல்வதில்லை. கடலின் காதில் விழுந்தால், நடக்காமல் நின்றதை அது முடித்துவிடுமாம். ஏதாவதொரு படகு எப்போதும் கடலில் இருக்கிறது.

இன்று பக்கத்து வீட்டு ரெக்வியின் படகு. மதியமே திரும்பியிருக்கவேண்டும், மூடுபனி இறங்கிவிட்டது. அவன் மனைவி ஹால்ஜர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"உங்க முன்னாடி வாயத் திறக்கவே பயமா இருக்குக்கா. அட்டையில அறைஞ்சிடுவீங்க."

"உன் புலம்பலுக்கெல்லாம் அட்டை பத்தாதுடீ. காப்பியக் குடி."

அப்போது வாசலில் மழைக்கோட்டு உரசும் சத்தம். ரெக்வியின் குரல், மூச்சு வாங்க, அந்த 'முன்டி'யோடு: "முழுகப் பாத்தேன்."

ஹால்ஜர் ஓடிக் கதவைத் திறந்தாள். பனி மட்டும் நின்றது. கதவோரக் கல் காய்ந்து கிடந்தது.

"நீங்களும் கேட்டீங்கல்ல?"

சுன்வர் புது அட்டை ஒன்றை எடுத்தாள். வாக்கியத்தை எழுதினாள். கீழே ரெக்வியின் பெயர். சொன்ன இடத்துக்கான வரியை வெறுமையாக விட்டாள்.

"எதுக்குக்கா இப்ப இத எழுதுறீங்க?"

"எங்க வச்சு சொன்னான்னு அவன் வந்து சொல்லணும்ல. அதுவரைக்கும் இது முடியாது."

காப்பி ஆறிப்போனது. இருட்டத் தொடங்கும்போது ரெக்வி வந்தான். தொப்பி இல்லை, சட்டைக் கையிலிருந்து நீர் சொட்டியது. ஹால்ஜர் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேயப் பாத்த மாதிரி முழிக்கிறீங்க?"

சுன்வர் அட்டையை நீட்டினாள். படிக்கப் படிக்க அவன் சிரிப்பு நின்றுபோனது.

"நான் இதச் சொன்னப்போ அங்க என்னத் தவிர யாரும் இல்லியேக்கா."

அவள் பென்சிலையும் நீட்டினாள். வெறுமையாக இருந்த வரியில், தீவின் வடமுனைக்கு அப்பால் உள்ள பாறையின் பெயரை அவன் எழுதி, ஈரம் படாமல் ஓரத்தைப் பிடித்து, அட்டையை அவளிடம் கொடுத்தான்.